ரயில் படத்தின் பின்பக்கம்

அண்ணை,

போன கிழமை உங்கள் மகள் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மூடி கறள் பிடித்து இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறந்தேன். கறள் மணத்துக்குப் பின்னால் மெல்லிய சவர்க்கார மணம் ஒன்று வந்தது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் உங்கள் கையை விட்டுப் போகாத அந்த உணவகத்துச் சவர்க்காரம். இத்தனை வருடம் அது பெட்டிக்குள் இருந்திருக்க முடியாது, என் மூக்குதான் ஏமாற்றுகிறது என்று தெரியும். ஆனாலும் மூடியை உடனே மூட மனம் வரவில்லை.

நீங்கள் இல்லாத வீட்டில் தனியாக இருக்க முடியாமல் அண்ணி இனி மகளோடு இருக்கப் போகிறார். கார்ஜ் புறநகரில் இருந்த உங்கள் வீட்டை ஒதுக்கும்போது அலுமாரிக்கு மேலே இது கிடைத்ததாம். "சித்தப்பா, இது உங்கடை ரெண்டு பேற்றையும் சாமான்" என்றாள்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். விரல் நீளத் தகர ரயில். ரயில் படம் பொறித்த, திறப்புகள் கோர்க்கும் வளையம். குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடிக் குண்டு, தண்ணீர் வற்றி, பனியெல்லாம் அடியில் ஒட்டிப்போயிருந்தது. சட்டையில் குத்தும் வில்லைகள் நாலைந்து. சிவப்பு ஊதல். அந்தக் காட்டோரப் பூங்காவின் கடையில் மாதம் ஒன்றாக நீங்கள் வாங்கியவை. வாங்கும்போதெல்லாம் மன்னாரில் இருந்த மகளுக்கு என்பீர்கள். தபாலில் போனால் உடைந்துவிடும், அவள் வரும்போது கையில் கொடுப்பேன் என்பீர்கள். அவள் எப்போது வருவாள் என்று நாம் ஒன்றாகத் தங்கிய அறையில் இருந்த ஆறு பேரில் ஒருவரும் கேட்டதில்லை. அகதி அட்டைக்காக எல்லோருமே காத்துக்கொண்டிருந்த காலம் அது.

எண்பதுகளின் நடுவில் பாரிஸின் லா சப்பலில் நம்மவர் கடைகளை ஒரு கையால் எண்ணிவிடலாம். அறையின் ஜன்னலுக்கு நேரே மெற்றோ பாலத்தின் மேல் ஓடும். விருந்தாளி வந்தால் அதைத்தான் வேடிக்கை காட்டுவோம். உங்களுக்கு மட்டும் அது பிடிக்காது. "கூவாத ரயில் என்ன ரயில்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். பிறகு யாரோ சொன்னார்கள், நகரத்தின் மேற்கே காட்டோரம் ஒரு பழைய பூங்கா இருக்கிறது, அதற்குள் போக ஒரு குட்டி ரயில் ஓடுகிறது, அது கூவும் என்று. அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். லா சப்பலில் மெற்றோ ஏறி எத்துவால் நிலையத்தில் மாறிப் போனோம்.

பச்சை எஞ்சின், பித்தளை மணி, இரண்டு பக்கமும் திறந்த பெட்டிகள், மரவாங்குகள். உண்மையில் புகைவண்டி அல்ல, புகைவண்டி வேடம் போட்டது. ஆனால் கூவியது. சிறுபிள்ளைகள் ரயில் என்பதால் ரிக்கற் கொடுத்தவர், பிள்ளை எங்கே என்று கேட்டார். உங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு அப்போது பத்துச் சொல் இருக்கும். யோசிக்காமல் என்னைக் காட்டினீர்கள். எனக்கு வயது இருபத்திரண்டு, மீசை வேறு. அவர் சிரித்துவிட்டு எனக்குச் சிறுவர் ரிக்கற் தந்தார். அன்றிலிருந்து நீங்கள் என்னைக் கூப்பிட்டது "பிள்ளை" என்றுதான். முதலில் கோபம் வந்தது. பிறகு நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ பிழை என்று பயம் வந்தது.

அந்த ரயிலில் காட்டுக்குள்ளால் போகும்போது நீங்கள் ஒன்றும் கதைக்க மாட்டீர்கள். கிளைகள் முகத்தருகே வந்து போகும். ஒருமுறை மட்டும், இது எங்கள் பிள்ளைக்குப் பிடிக்கும் என்றீர்கள். அவளை மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தவர் நீங்கள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வாய்வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

எஞ்சின் ஓட்டிய கிழவர் நம்மைப் பார்த்துப் பழகிவிட்டார். ஒரு ஞாயிறு உங்களைத் தன் இருக்கையில் ஏற்றி, தொப்பியையும் கழற்றித் தலையில் வைத்துவிட்டார். இரவல் கமெராவால் படம் எடுத்தவன் நான். கை ஒன்று மணிக் கயிற்றில், பல் முழுக்க வெளியே. உங்களை அப்படிச் சந்தோசமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி எழுதப்போவதை எழுத முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அண்ணை.

ஊருக்குப் போகும் கடித உறைகளில் ஆங்கில விலாசம் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து வடிவு என்று அறையில் எல்லோரும் என்னிடம்தான் தருவார்கள். அந்தப் படத்தை வைத்த உறையையும் தந்துவிட்டு நீங்கள் வேலைக்குப் போனீர்கள். எனக்குக் குறும்பு வந்தது. படத்தை உருவி, பின்பக்கத்தில் எழுதினேன்: "பாரிஸில் ரயில் ஓட்டும்போது எடுத்த படம்." ஒட்டித் தபாலில் போட்டேன். பதில் வரும்போது எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. நாம் யாரும் என்ன வேலை என்று ஊருக்கு விளக்கமாக எழுதாத காலம். நல்ல வேலை, சுகமாக இருக்கிறேன் என்பதோடு நிறுத்திவிடுவோம். அண்ணி எழுதியிருந்தார்: படம் கண்டோம், இவ்வளவு பெரிய உத்தியோகத்தை ஏன் மறைத்தீர்கள். மகள் படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாளாம். ரீச்சர் எல்லா வகுப்புக்கும் காட்டினாராம். பங்குச் சுவாமியார் பூசையில் உங்களுக்காக மன்றாடினாராம். அண்ணியின் தம்பி தனக்கும் ரயிலில் ஒரு வேலை பார்க்கச் சொல்லிக் கீழே நாலு வரி சேர்த்திருந்தார்.

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. தொப்பியைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னீர்கள். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. உண்மையை எழுதிவிடுங்கள் என்று புத்தி சொல்ல மட்டும் எனக்கு வாய் இருந்தது.

"அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப்போட்டாள், பிள்ளை. இனி நான் எப்பிடி இல்லையெண்டு எழுதிறது?" என்றீர்கள்.

அதன் பிறகு அறையில் உங்களுக்கு "ட்ரைவர்" என்று பெயர் விழுந்தது. வேலை எடுத்துக் கொடுக்கவில்லை என்று அண்ணியின் தம்பி ஒரு வருடம் கடிதம் போடவில்லை. எல்லாவற்றையும் நீங்கள் சுமந்தீர்கள். நான் உறைகளில் வடிவாக விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அட்டை வந்தது. அண்ணியும் மகளும் வந்தார்கள். கார்ஜில் வீடு கிடைத்தது. பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. வந்து இரண்டாம் நாளே, அப்பாவின் ரயிலைக் காட்டு என்று கேட்டாளாம். ஞாயிறு எல்லோரும் போனோம். என்னையும் வரச் சொன்னீர்கள். வழி முழுக்க, நீங்கள் என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்றே யோசித்தேன். இன்று அப்பாவுக்கு லீவு என்று சொன்னால் போதும், பிள்ளை நம்பிவிடும். அப்படித்தான் சொல்வீர்கள் என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

குட்டி ரயில் வந்து நின்றது. கிழவர் ஓய்வு பெற்றுவிட்டார், வேறொருவர் ஓட்டினார். பிள்ளை அந்த மனிதரையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்கள் அவள் முன்னால் குந்தினீர்கள்.

"அப்பா இதை ஓட்டிறேல்லை, அம்மா. அப்பா சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவிறனான். ரயில் எண்டது அப்பா விட்ட பிழை."

பிழை விட்டவன் உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன். பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். அவள் உங்கள் கைகளைப் பார்த்தாள்.

"எத்தினை கோப்பை?"

"ஒரு நாளும் எண்ணினதில்லை. இந்த ரயில் நிறைய வரும்."

அவள் திரும்பி, எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் மெதுவாகப் பார்த்தாள். பிறகு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அண்ணி முகத்தைத் துடைத்தபடி பின்னால் ஏறினார். அந்தப் பயணத்தில் தகரப் பெட்டியை அவள் மடியில் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை பெருநாள், எத்தனை ஞாயிறு உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வருவேன். அண்ணி மீன்குழம்பு ஊற்றுவார். நீங்கள் "இன்னும் கொஞ்சம் போடு பிள்ளைக்கு" என்பீர்கள். சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டு வந்துவிடுவேன். போன மாரிக் குளிரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல ஒன்றும் இருக்கிறதா என்று கேட்டீர்கள். சுகமாகி வாருங்கள் என்றேன். கோழை, அண்ணை. வேறு சொல் இல்லை.

பெட்டியின் அடியில் அந்தப் படம் இருந்தது. முகம் மேலே பார்த்தபடி, தொப்பியோடு சிரித்துக்கொண்டு. மகள் அதை எடுக்க முன்னம் நான் கையை வைத்து மறைத்தேன். பிறகு சொன்னேன். பின்பக்கம் எழுதியது நான்தான், அப்பா ஒரு பிழையும் விடவில்லை, அன்றைக்கு உனக்கு முன்னால் அவர் குந்தியது என்னால்தான் என்றேன். அறுபது தாண்டிய மனிதன் அவள் முன்னால் அழுதேன்.

அவள் சிரித்தாள். உங்கள் சிரிப்பு, அப்படியே பல் முழுக்க. "திருப்பிப் பாருங்கோ, சித்தப்பா" என்றாள்.

திருப்பினேன். மேலே மங்கிய நீல மையில் என் வரி. அதற்குக் கீழே கறுப்பு மையில் உங்கள் கோணல் எழுத்து: "எழுதினவன் வாய் திறக்கும்வரை நானும் திறக்க மாட்டேன்."

அண்ணி வந்து இறங்கிய அன்றே கைப்பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினாராம். என் கையெழுத்தை ஆறு பேர் அறையில் தெரியாதவர் யார்? அப்படியென்றால் குந்தியிருந்து "அப்பா விட்ட பிழை" என்று சொன்னபோதே உங்களுக்குத் தெரியும். பிறகு மகள் மிச்சத்தையும் சொன்னாள். நான் சாப்பிட்டுவிட்டுப் படியிறங்கியதும் நீங்கள் அண்ணியிடம் ஒவ்வொரு முறையும் கேட்பீர்களாம்: "இண்டைக்குச் சொன்னவனோ?" அண்ணி இல்லையென்று தலையாட்டுவாராம். இருவரும் சிரிப்பீர்களாம். பகிடி விட்டவன் நான் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

இந்தப் புதன்கிழமை மகளும் பேத்தியும் நானும் அந்த ரயிலுக்குப் போனோம். இப்போது பற்றரியில் ஓடுகிறது, பழைய மாதிரியே வண்ணம் பூசியிருக்கிறார்கள், ஆனால் சத்தமே இல்லை. நீங்கள் முகத்தைத் திருப்பியிருப்பீர்கள். பேத்தி பெட்டியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ஊதலை எடுத்து, கன்னம் உப்ப ஊதினாள். காட்டுக்குள்ளால் போன அவ்வளவு நேரமும் விடாமல் ஊதினாள். முன்னால் இருந்த பிரெஞ்சுக் கிழவி திரும்பி முறைத்தாள். எனக்குத் தடுக்க மனம் வரவில்லை.

படத்தை மகள் எனக்கே தந்துவிட்டாள். சட்டைப் பையில் மெற்றோ கார்ட்டோடு வைத்திருக்கிறேன். மகளின் வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணி கதவைத் திறந்தார். உள்ளே நுழையவே விடவில்லை. மகள் எல்லாம் சொல்லியிருப்பாள், ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும் போல. கதவைப் பிடித்தபடி, உங்கள் கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டார்.

ஓம் அண்ணை. இண்டைக்குச் சொல்லிப்போட்டன்.

உங்கள்
பிள்ளை