சும்மா இருந்தாலும் மை குடிக்கும் பெட்டி

கண்டக்குழி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிறகு.

அன்பு மகன் மின்ஹாஜுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே பிரிண்டரைத் தவிர எல்லோரும் சுகம், கத்தாரில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை ஜுமானா. (அடைப்புக்குள் பேசுவது ஜுமானா. கையெழுத்துக்கும் நக்கலுக்கும் நான் பொறுப்பு மின்ஹாஜ் நானா, கோபம் முழுக்க உம்மாவுடையது.) வொய்ஸ் மெசேஜ் போட்டால் நீ ஓடவிட்டுக் கேட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதி, லீவில் வந்து அடுத்த கிழமை தோஹாவுக்குத் திரும்பும் அத்தாஉல்லாவின் கையில் கொடுக்கிறேன். இந்தப் பேனை நாற்பது ரூபாய், நோன்புக்கு முன் வாங்கியது, இன்னும் எழுதுகிறது.

நேற்று நீ ஃபோன் கோலில் சொன்னதற்குத்தான் பதில். பிரிண்டரில் உழைப்பு வரவில்லை என்றால் அதை விற்றுவிடுங்கள், இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் வரவில்லை, டிக்கட்டுக்கு வைத்த சல்லியில் மை டேங்க் வைத்த பெரிய பிரிண்டர் அனுப்புகிறேன் என்றாயே, எனக்கு வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். வீட்டிலிருந்தே தாள் அடித்து உழைக்கச் சொல்லி நீ போன முறை வந்தபோது வாங்கித் தந்த பெட்டி மலிவுதான், ஆனால் மாட்டைச் சும்மா தந்துவிட்டு வைக்கோலைத் தங்க விலைக்கு விற்கிறவன் கதைதான் இது. கறுப்பு மைக்கூடு ஆறாயிரம் ரூபாய், நூற்றிருபது பக்கத்தோடு தீர்ந்துவிட்டது. பக்கத்துக்கு மை ஐம்பது ரூபாய், தாள் நாலு ரூபாய். டியூஷன் தாள் அடிக்கத் தரும் ஸஜீத் ஸேர் பக்கத்துக்குக் கொடுப்பது பதினைந்து. மிச்சம் முப்பத்தொன்பதை யார் தருவது? மத்ரஸாப் பிள்ளைகளின் ஓதல் தாளுக்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. அதற்கும் சல்லி கேளுங்கள் என்றாய், கேட்கமாட்டேன், அது என் நன்மைக் கணக்கு, அதில் நீ கை வைக்காதே.

அடித்தால் மட்டும்தான் செலவு என்றும் நினைக்காதே. கச்சான் பருவம் தொடங்கிவிட்டால் இங்கே உப்புக்காற்று, நாலு நாள் சும்மா வைத்தால் மை காய்ந்து அதற்கு மூக்கடைத்துக்கொள்ளும், அடைப்பெடுக்கிறேன் என்று அரைவாசி மையை அதுவே குடித்துவிடும். உன் வாப்பா பார்த்துவிட்டு, என்ட போட் எஞ்சின் கூட ஓடினாத்தான் குடிக்கும், இது சும்மா இருந்தே குடிக்குதே என்றார். (பொறுமைக்குள்ளும் மை இருக்கிறது நானா, இந்தப் பெட்டிக்குள்தான் இல்லை.) காயாமல் இருக்க, கிழமைக்கு ஒரு தரம் எல்லா நிறமும் உள்ள படம் ஒன்று அடியுங்கள் என்று கடைக்காரன் சொன்னான். வேறு யாருடைய படத்தை அடிப்பேன், ஒவ்வொரு வெள்ளியும் உன்னுடையதைத்தான். சுவரில் தொங்கவிட்டால் வானத்து மலக்குமார் வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்று அலுமாரிக்குள் அடுக்கி வைக்கிறேன். போன மாதம் சிவப்பு மை தீர்ந்து நீ மஞ்சளாக வந்தாய். பக்கத்து வீட்டு முனவ்வரா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, புள்ளைக்கு செங்கமாரி, முகமெல்லாம் மஞ்சள், எனக்கே மறைக்கிறியா ஸக்கியா என்று என்னோடு சண்டை பிடித்து, கீழ்க்காய்நெல்லி அரைத்து உருட்டிப் போத்தலில் போட்டு உனக்கு அனுப்பச் சொல்லித் தந்திருக்கிறாள். அந்தப் போத்தலும் அத்தாஉல்லாவோடு வருகிறது. (வாசம் ஆட்டுத் தொழுவம் மாதிரி. பெரிய மனசோடு முழுங்குங்கள்.)

இப்போது இந்தப் பிரிண்டரின் உண்மையான விலையைக் கேள். பெட்டி, மை, தாள், உப்புக்காற்று, எல்லாவற்றையும் கூட்டினாலும் நான் தாங்குவேன். அதோடு ஒரு பெருநாளையும் கூட்டச் சொல்கிறாயே, அதைத்தான் தாங்கமாட்டேன். நீ இல்லாமல் இரண்டு பெருநாள் ஏற்கெனவே போய்விட்டது. பெரிய பெட்டி வந்தால் கையெழுத்துப் போடாமல் வாசலோடு திருப்பி அனுப்புவேன், கொண்டுவருகிறவன் என்ன சொன்னாலும் சரி. இருக்கிறதையும் விற்கமாட்டேன். நட்டம் என்னுடையது, முகம் என் மகனுடையது, அடித்துக்கொண்டுதான் இருப்பேன். டிக்கட் போட்டுவிட்டுத்தான் இனி என்னோடு கதைக்க வேண்டும்.

வெயிலில் தொப்பி போடு, ஈரத்தலையோடு ஏஸியில் படுக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் ஆயுளிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அலுமாரிக்குள் நீ அடுக்கடுக்காக இருக்கிறாய், ஆனால் பெருநாளுக்கு நான் அவிக்கிற வட்டிலாப்பத்துக்கு அதில் ஒருத்தனும் வாய் திறக்கிறதில்லை.

டிக்கட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளும்,
உன் உம்மா ஸக்கியா