திருப்பத்தில் நீண்ட கை

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் நலத்தை நீங்கள் சொல்ல மாட்டீர்கள், உங்கள் பக்கத்து வீட்டு டெய்லரம்மா சொல்லித்தான் தெரிகிறது. போன வாரம் தெருமுனையில் திரும்பும்போது வேன் ஒன்று உங்களை உரசிவிட்டதாமே. முழங்கையில் ரத்தம் வழிய, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பெருமைப்பட்டீர்களாம்.

அந்த மோட்டார் சைக்கிளுக்கு என்னைவிட வயசு அதிகம். பேருக்குக்கூட ஒரு இண்டிகேட்டர் கிடையாது. நீங்கள் திரும்பப் போவது பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஒன்று விற்றுவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்குப் போடுங்கள். நான் வேலை பார்க்கும் துறைமுகத்துக்குப் பின்னால் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. கிரேன் ஓட்டி முடித்து இறங்கியதும் போய்த் தேடுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். அக்கா இறந்தபிறகு போனில் நாம் இருவரும் "ம்" தவிர எதுவும் பேசுவதில்லை. அதனால்தான் கடிதம்.

உங்கள் மச்சினன்

மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

டெய்லரம்மாவுக்குத் தையல் வேலை குறைந்துவிட்டது போலிருக்கிறது, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டிக்கு இண்டிகேட்டர் இல்லை என்று யார் சொன்னது? உன் அக்கா இருந்தாளே. கல்யாணமான புதிதில் மழையில் சறுக்கி நாலு விளக்கும் நொறுங்கின. மாற்று கிடைக்கவில்லை, அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள். பின்சீட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காருவாள்; அன்றிலிருந்து திருப்பம் வந்தால் முழங்கையால் அவள் காலில் ஒரு இடி இடிப்பேன். இடது காலில் இடித்தால் இடது கை, வலது காலில் இடித்தால் வலது கை. டிராஃபிக் போலீஸ் தோற்றுப்போவார், அப்படி நீட்டுவாள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் நாளிலும் கை மட்டும் நீளும்.

வேன் வந்த அன்று நடந்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பழக்கத்தில் முழங்கையைப் பின்னால் தள்ளினேன். எதிலும் படவில்லை. படவில்லையே என்று உறைப்பதற்குள், அவள் கை நீட்டியிருப்பாள் என்று திரும்பிவிட்டேன்.

விளக்கு வேண்டாம். வண்டியை விற்கவும் மாட்டேன்.

அத்தான்

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. அடுத்த நாளே தேட ஆரம்பித்தேன்.

ஏழெட்டுக் கடைக்காரர்கள் வண்டியின் பெயரைக் கேட்டதும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் துருப்பிடித்த சாமான் மூட்டையைக் கொட்டி, நீயே பொறுக்கிக்கொள் என்றார். விளக்கைத் தாங்கும் தண்டு நாலு, ஆரஞ்சுக் கண்ணாடி நாலு கிடைத்தன. ஒன்றில் கீறல் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மினுக்க வைக்கும் ஃபிளாஷர், பல்பு, ஸ்விட்ச் எல்லாம் பார்சலில் வைத்திருக்கிறேன்.

அக்கா இருந்தவரை உங்களைத் திட்ட ஆள் இருந்தது. இனி அது என் வேலை. இன்னொரு சாவை என்னால் தாங்க முடியாது அத்தான்.

உங்கள் மச்சினன்

ஏப்ரல் 20

மச்சானுக்கு,

பார்சல் வந்தது. நீ அனுப்பிய பல்பு பன்னிரண்டு வோல்ட். என் வண்டி ஆறு வோல்ட். போட்டுப் பார்த்தேன், தூங்கி வழிகிறது.

இது சாக்கு என்று நீயே கண்டுபிடித்துவிடுவாய். பின்பக்கத் தண்டுகளை மாட்ட வேண்டிய ஓட்டைகளில்தான் உன் அக்காவுக்காகக் கைப்பிடி போட்டிருக்கிறேன். ஒரு கையை நீட்டும்போது மற்ற கைக்குப் பிடிமானம் வேண்டுமே. வெயிலில் இரும்பு சுடுகிறது என்று மஞ்சள் நூல் சுற்றி வைத்திருக்கிறாள். அதைக் கழற்றச் சொல்கிறாய்.

எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறாய்? நடுவில் இருந்தவளே போய்விட்டாள். இனி நீ யாரோ, நான் யாரோ.

உன் அக்காவின் கணவன்

மே 5

அன்புள்ள அத்தானுக்கு,

ஆறு வோல்ட் பல்புகளும் ஃபிளாஷரும் இதோடு வருகின்றன.

நீங்கள் எழுதிய கடைசி வரி வலித்தது. எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டை தொளதொளவென்று இருக்கிறது என்று கேலி செய்ததும் நீங்கள். அதற்கெல்லாம் அக்காவிடம் அனுமதி வாங்கினீர்களா?

அக்காவின் பொருள் என்று என்னிடம் ஒன்றுமே இல்லை. கைப்பிடியைக் கழற்ற மனம் வந்தால் எனக்கு அனுப்புங்கள். வராவிட்டால் இனி விளக்கைப் பற்றி எழுத மாட்டேன்.

உங்கள் மச்சினன்

ஜூன் 17

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

போன ஞாயிறு கைப்பிடியைக் கழற்றினேன். துருவேறிய நட்டு லேசில் அசையவில்லை, எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். அடியில் பெயிண்ட் புதுசாக மின்னியது. பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு விளக்கு மாட்டினேன், கீறல் விழுந்தது இடது பின்பக்கம். ஸ்விட்சைத் தள்ளியதும் டிக் டிக் என்றது. பின்னால் போய் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பி, தெருமுனையில் இடது பக்கம் போட்டுத் திரும்பினேன். ஒழுங்காக மினுக்கியது. கடைத்தெரு தாண்டி சிக்னலில் நிற்கும்போது, ஸ்கூட்டரில் வந்த பெண் பக்கத்தில் நிறுத்தி, "அண்ணா, கடைத்தெருவுல இருந்தே லெஃப்ட் லைட் எரிஞ்சுக்கிட்டே வருது. திரும்பப் போறீங்களா, இல்லையா?" என்றாள்.

அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை மச்சான். திருப்பம் முடிந்ததும் உன் அக்கா தானாகவே கையை மடக்கி என் தோளில் வைத்துக்கொள்வாள். எடு என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

ஸ்விட்சை நான்தான் அணைத்தேன். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்க முடியவில்லை, ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

கைப்பிடி இந்தப் பார்சலில் இருக்கிறது. நூலைப் பிரித்துவிடாதே. லீவு கிடைத்தால் வா. பின்சீட்டில் பிடித்துக்கொள்ள இப்போது ஒன்றும் இல்லை, நீ என் தோளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உன் அத்தான்