தூரத்தில் நிற்பவள்

அன்புள்ள சியூயுன்,

உன் இருமல் நின்றதா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். குவாங்சோவில் நான் சுகம்தான்.

வெள்ளைக்காரர்களுக்குப் படம் விற்கும் எங்கள் பட்டறையில் நேற்று ஒரு வேடிக்கை. நம் வீட்டு முற்றத்தை வரைந்திருந்தேன். முன்வாசலில் பூக்காரன், கோடியில் அடுப்படி வாசலில் நீயும் நம் மகள் ஆலிங்கும். முதலாளி குவாங் சிரித்துவிட்டார்.

“ஏம்ப்பா சூ, அம்புட்டு தூரத்துல நிக்கிற பொம்பளை பூக்காரன் உசரம் இருக்கா. சின்னதாக்கு. கன்னத்துல நிழலும் போடு.”

“நிழல் போட்டா மூஞ்சி கழுவாத மாதிரி இருக்குமுங்க. எங்க ஊர்ல அப்படி வரையமாட்டோம்.”

“அப்ப உங்க ஊர்லயே போய் வரை. பெட்டியைக் கட்டு.”

சின்னதாக்கிவிட்டேன். நீ அரிசி அளவு, ஆலிங் எள் அளவு, இருவருக்கும் கழுவாத முகம். கோபித்துக்கொள்ளாதே, வேலைக்கு ஆபத்தில்லை.

துணிச்செருப்பு ஒரு ஜோடி அனுப்பு. காய்ந்த மூங்கில் குருத்தும் கொஞ்சம். அப்படியே ஆலிங்கைச் சுவரோரம் நிறுத்தி, உச்சி முதல் பாதம் வரை நூலால் அளந்து, அந்த நூலையும் உள்ளே வைத்துவிடு. இங்கே அவளைச் சின்னதாக வரைந்தே கை பழகுகிறது.

கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார். நூலைக் குறைத்து வெட்டிவிடாதே.

சூ