மோட்டார் ரூம் மின்மினி

ஏப்ரல் 26
எல்லாத்தையும் நான் முன்னாலயே சொல்லிட்டேன். வியாழக்கிழமை சலூன்ல, முகம் பூரா சோப்போட உக்காந்துக்கிட்டே சொன்னேன்: "சனிக்கிழமைக்குள்ள மழை. மழைக்குப் பின்னால மின்மினி." நேத்து மழை. இன்னைக்கு மின்மினி. டிவியில வானிலை சொல்லுதவன் என் மோட்டார் வைண்டிங் கடைக்கு வந்து கேட்டுட்டுப் போகலாம்.

கரிவலம் ரோட்டுல என் தோட்டத்துல, ராத்திரி ஏழு மணி வாக்குல கிணத்து மேட்டுல உக்காந்தேன். எலுமிச்சைக்கு நடுவுல பத்தாயிரம் மின்மினி. சரி, ஆயிரம். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்னு மரியாதை பண்ணிட்டுத்தான் பறந்துச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் தேவமணியோட பிச்சிப்பூத் தோட்டத்துக்கும் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. பூச்சிக்கு என்ன, யார் கேக்கப் போறா?

ஏப்ரல் 27
கோயில்ல ஆராதனை முடிஞ்சு எஸ்லின் அக்கா வீட்டுல சாப்பாடு. அவ மக ஜாய்லின் காலேஜ்ல விலங்கியல் படிக்கா. மின்மினியைப் பத்தி நான் அவளுக்கு விளக்கினேன். பிறகு அவ எனக்கு விளக்கினா.

"மாமா, மினுக்கிக்கிட்டு பறந்து திரியுதது ஆம்பளப் பூச்சி. பொண்ணு கீழ புல்லுல உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கும். பிடிச்சாத்தான் பதிலுக்கு ஒரு மினுக்கு. உடனே குடுக்காது, கொஞ்சம் விட்டுத்தான் குடுக்கும். அதைப் பார்த்துட்டு அவன் இறங்குவான்."

"பிடிக்கலேன்னா?"

"சும்மா இருக்கும். அவன் சுத்திக்கிட்டே கிடப்பான்."

இதை நான் எட்டாம் வகுப்புல பள்ளிக்கூடத்தை நிப்பாட்டும்போதே கண்டுபிடிச்சிருந்தேன்னு சொன்னேன். ஆம்பளைக எல்லாம் சுத்திச் சுத்திப் பறக்குதது, பொம்பள உக்காந்த இடத்துல முடிவு எடுக்குதது — எங்க சபை கமிட்டியும் இப்படித்தான் நடக்கு.

ஏப்ரல் 28
என் மோட்டார் ரூமுக்கும் தேவமணி மோட்டார் ரூமுக்கும் எண்பது அடி. சும்மாதான் அளந்தேன்.

ஏப்ரல் 30
தேவமணி புருஷன் செத்துப் போயி பன்னிரண்டு வருஷம். என் வீட்டுக்காரி போயி ஒன்பது. இதுல என்ன தப்பு?

நெனச்ச நேரம் எரியுத மாதிரி வயரை மாத்திக் குடுத்து, மோட்டார் ரூம் வாசல் பல்பை மினுக்கினேன். குட்டையா ரெண்டு, நீளமா ஒண்ணு. தேவமணி அந்தப் பக்கம் பூக்கூடையைக் கழுவிக்கிட்டு இருந்தா. திரும்பிக்கூடப் பாக்கல. ஆனா பத்து நிமிஷத்துல பக்கத்துத் தோட்டத்துச் சண்முகையா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வாரான்.

"அண்ணாச்சி, மூணு பேஸ் வந்துட்டா? மோட்டார் எடுக்க மாட்டேங்கே!"

பின்னாலயே இன்னும் மூணு பேரு. மறந்தே போச்சு — எங்க பக்கம் மோட்டார் ரூம் பல்பு எரிஞ்சா, மோட்டார் ஓடுததுக்கு வேண்டிய மூணு பேஸ் கரண்ட் வந்துட்டுன்னு அர்த்தம். அதைப் பார்த்துத்தான் எல்லாவனும் தண்ணி பாய்ச்ச ஓடுவான்.

"டெஸ்டிங் வே, டெஸ்டிங்," னு சமாளிச்சேன்.

ஒரு பொம்பளைய கூப்பிட்டா நாலு ஆம்பளை வருதானுவ. மின்மினிக்கு இந்தத் தொல்லை உண்டா?

மே 2
டார்ச்சுல பச்சைக் காகிதம் சுத்தி அடிச்சேன். பதில் வந்துட்டு! அவ மோட்டார் ரூம் பல்பு. நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி முடிக்கவும், ஒரே ஒரு மினுக்கு. துண்டை எடுத்துப் போர்த்திக்கிட்டேன். குளிர்தான்.

மே 4
ஜாய்லின்கிட்ட மட்டும்தான் சொன்னேன். ஜாய்லின் அவ அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கா. இன்னைக்குப் பாடகர் குழு பூராவும் பாட்டுப் புஸ்தகத்துக்குப் பின்னால சிரிக்கு.

எஸ்லின் அக்கா கோயில் வாசல்லயே பிடிச்சுக்கிட்டா. "ஏலே ஞானையா, அம்பத்தேழு வயசுல லைட்டடிச்சியாம்லா! அவளும் அடிச்சாளாம்லா!"

நான் மீசையைத் தடவிக்கிட்டு நின்னேன். தேவமணி யாரையும் பாக்காம குடையை விரிச்சுக்கிட்டுப் போயிட்டா.

மே 5
தேவமணி வேலிகிட்ட வந்து நின்னா.

"அண்ணாச்சி, என் மோட்டார் ரூம் பல்பு பொங்கலுக்கே பீஸ் போயிட்டு. பிறகு அங்கன மினுக்கினது யாரு அண்ணாச்சி?"

நான் குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணினேன்.

"நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. கேக்காத கேள்விக்கு நான் பதில் சொன்னேன்னு ஊரு சிரிக்கு. இது நல்லா இருக்கா?"

போயிட்டா. பீஸ் போன பல்பும் சில சமயம் எரியும். வைண்டிங்காரனுக்குத் தெரியும்.

மே 9
மூணு நாளா டார்ச்சைத் தொடல. மழை விட்டதுல பூச்சியும் குறைஞ்சுட்டு. முப்பது இருக்கும். நிசமாவே முப்பது.

ஒருத்தன் ஒரே புதரைச் சுத்திச் சுத்தி மினுக்கினான். கீழ ஒண்ணும் எரியல. அரை மணி நேரம் பார்த்தேன். பய போகவும் இல்ல. பதில் வந்துட்டுன்னு மத்த பூச்சிகிட்டப் போயி அளக்கவும் இல்ல.

மே 11
கோயில் முடிஞ்சதும் நேரே அவ தோட்டத்து கேட்டுக்கே போயிட்டேன். பட்டப்பகல். டார்ச்சு இல்ல, மீசையைத் தடவல.

"நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கிடுங்க. எனக்கு உங்களைக் கட்டிக்கிடணும்னு இருக்கு. இப்ப கேக்குதேன்."

அவ நாலு முழம் பூக் கட்டி முடிச்சா. பிறகு, "வந்தது வந்துட்டீய, அந்தப் பல்பை மாத்திக் குடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி! பல்பை மாட்டி, தனியா சுவிட்சும் வச்சுக் குடுத்துட்டு வந்தேன்.

மே 14
சாயங்காலம் கிணத்து மேட்டுல உக்காந்திருந்தேன். அவ மோட்டார் ரூம் பல்பு ஒரே ஒரு தடவை எரிஞ்சு அணைஞ்சுச்சு. அடடா, மூணு பேஸ்! துண்டை உதறிக்கிட்டு ஓடிப் போயி மோட்டாரைப் போடுதேன். எடுக்கல. திரும்பப் போடுதேன். எடுக்கல.

வேலிகிட்ட இருந்து சத்தம்: "இங்கருங்க! மோட்டாரையா போட ஓடுதீய?"

அண்ணாச்சி இல்ல. புருஷனைக் கூப்பிடுத 'இங்கருங்க'. சேலை முந்தானையை வாயில வச்சுக்கிட்டு சிரிக்கா.

பூச்சி பதினொண்ணு. எண்ணினேன்.

மே 2-ல எழுதினது பொய். அன்னைக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு, ஒண்ணும் மினுக்கல. அடிச்சிடலாம்னு பேனாவை எடுத்தேன். எழுத்து நல்லாத்தான் இருக்கு. தேதியை மட்டும் அடிச்சுட்டு, மே 14-ன்னு போட்டுக்கிட்டேன்.