உப்பு மண் குடம் உடைந்தது பற்றித் தழுவங்கரை ஊரவைக்கு விடுத்த திருமுகம்

நலம் நிலைக்க. ஏரிகள் கரை ததும்புக, கரைகள் உடையாதிருக்க.

ஏழு முகத்துவாரங்களுக்கும் உரிமை பூண்டவரும், பவழக்குன்றத்துப் பொற்கூடத்தில் வீற்றிருந்து முறை செய்பவரும், குடிகளின் குறையைத் தம் காதாலேயே கேட்டறிபவருமான செங்கதிர்மாலை மாதேவியார், தழுவங்கரை ஊரவையாருக்கும், அவைத்தலைவர் பெருங்காரிக் கிழாருக்கும், குயவர் கோளரிக்கும், உப்பளக் குடிகள் அனைவருக்கும் விடுக்கும் திருமுகம். உங்கள் வயலும் அளமும் வலையும் வளமாக இருக்கின்றன என்று நம்பி இதை எழுதுவிக்கிறார்.

கட்டளையை மட்டும் இரண்டு வரியில் எழுதி அனுப்பினால் போதும் என்று மந்திரிமார் விண்ணப்பித்தனர். மாதேவியார் ஒப்பவில்லை. கட்டளை வானத்திலிருந்து விழுந்ததாக ஒருவரும் எண்ணலாகாது. அது எங்கே பிறந்தது என்பதை, கண்காணி நாயகம் நக்கன் பரிதியாரின் மனத்தில் ஓடியது உட்பட, ஒன்றும் ஒளிக்காமல் எழுதுக என்று திருவாய் மலர்ந்தார். குடிகள் பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்பதும் ஆணை. ஆகவே இது நீண்ட ஓலை. அவையைக் கூட்டி, உரக்க வாசிக்கவும்.

பரிதியார் பதினைந்து ஆண்டுகளாக இந்நாட்டின் குடத்தேர்வுகளைக் கண்காணிப்பவர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊரிலும் அவைக்கு எழுவரைத் தேர்வதும், நிற்க விரும்புகிறவர் தமக்குரிய நிலத்து மண்ணை ஒரு கூடை கொண்டுபோய்க் குயவரிடம் கொடுப்பதும், அம்மண்ணில் வனைந்து சுட்ட குடத்தில் அவர் குறியைப் பொறிப்பதும், ஊரார் தமக்குப் பிடித்தவர் குடத்தில் ஆளுக்கோர் ஓலை நறுக்கை இடுவதும் நீங்கள் அறிந்ததே. சூளையில் குடம் உடைந்தால் அவர் பெயரும் பட்டியலிலிருந்து விழும். இவை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பது பரிதியார் வேலை. பாலைக் குடிப்பதற்கு முன் பசுவை விசாரிப்பவர் என்று அரண்மனையில் அவரைக் கேலி பேசுவார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. யார் முதலில் சொன்னார்கள் என்று மூன்று நாள் விசாரித்தார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் தழுவங்கரையின் இவ்வாண்டுப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. இடம் ஏழு, குடமும் ஏழு. சென்ற முறையும் ஏழே. அதற்கு முன்பும் ஏழே, அதே ஏழு வீட்டார். அண்டை ஊர்களில் பன்னிரண்டு குடம், பதினைந்து குடம் என்று வைக்க இடமில்லாமல் தடுமாறுகையில், இங்கே மட்டும் அளந்து வைத்தாற்போல் ஏழு. சென்ற முறை ஓலை இடும் உரிமையுள்ள ஆயிரத்து இருநூற்று நாற்பது பேரில் வந்து இட்டவர் நானூற்று இருவர். ஊரில் பாதிப்பேர் பெண்கள். குடத்தில் ஒரு பெண் பெயரும் இல்லை. மூன்றில் ஒருவர், தாத்தன் காலத்தில் கடல் கடந்து வந்து குடியேறிய உப்பளத்தார். அவர்களிலும் ஒருவர் பெயரும் இல்லை. பரிதியார் பட்டியலை முகர்ந்து பார்த்தார். இது நடந்தது, இவ்வோலை எழுதும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தது. பிறகு வண்டி பூட்டச் சொன்னார்; எழுத்தாணியோடு என்னையும் ஏற்றிக்கொண்டார்.

பெருங்காரிக் கிழார் ஊர் எல்லைக்கே வந்து மாலையிட்டு, பலாச்சுளையும் தேனும் வைத்து உபசரித்தார். எவரையும் தாம் தடுத்ததில்லை என்றும், அவை வாசலுக்குக் கதவே கிடையாது என்றும், வராதவர்களைக் கையைப் பிடித்தா இழுத்து வர முடியும் என்றும் முறையாக எடுத்துரைத்தார். தேனைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்த பரிதியார், கேட்பதற்கு முன்பே ஒருவர் பதில் சொன்னால் அதை இருமுறை எழுதிக்கொள்ளும் வழக்கம் உடையவராதலால், இதையும் இருமுறை எழுதிக்கொண்டார்.

மிரட்டல் இருக்கிறது என்பது அவர் முடிவு. யார் மிரட்டுவது என்பதுதான் தெரிய வேண்டும். வீடு வீடாகப் போனார். வரப்பில் நின்ற குத்தகைக்காரர் ஒருவரிடம், ஓலை இடப் போகவொட்டாமல் உம்மைத் தடுத்தவர் யார், அஞ்சாமல் சொல்லும் என்றார். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னது இது: “தடுக்குறதா? எடம் ஏழு, கொடம் ஏழு. நான் போனாலும் அந்த ஏழு பேருதான், போவாட்டாலும் அந்த ஏழு பேருதான். இதுக்கு ஒரு நாள் வேலைய விட்டுட்டு எதுக்குங்க போவணும்?” பரிதியார் அவர் பின்னால் யாராவது ஒளிந்து நின்று சொல்லிக்கொடுக்கிறார்களா என்று வைக்கோற்போரைச் சுற்றி வந்து பார்த்தார். ஒருவரும் இல்லை. அப்படியானால் நீரே நிற்கலாமே என்று கேட்டதற்கு, தமக்கென்று கூடை மண் கிடையாது, நஞ்சை எல்லாம் அந்த ஏழு வீட்டாருடையது என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் பரிதியார் சந்தேகித்தார்.

பெண்கள் சொன்னதும் அதேபோல்தான். புகுந்த வீட்டு மண்ணைக் கொண்டுபோனால் அது கணவன் மண் என்று குயவர் தெருவில் தள்ளினார்கள். பிறந்த வீட்டு மண்ணைக் கொண்டுவந்தால் அது வேற்றூர் மண் என்று தள்ளினார்கள். இருமுறை கூடை சுமந்த பெண் மூன்றாம் முறை சுமப்பாளா?

மறுநாள் காலையில் உப்பளத்துப் பெண் அலையாத்தி, சாக்கு நிறைய உடைந்த ஓடுகளைக் கொண்டுவந்து பரிதியார் முன் கொட்டினாள். உப்பளத்தாருக்கு அளத்து நிலம் முந்தைய மன்னர் கொடுத்த உரிமை நிலம். ஆகவே அவள் மண்ணை ஒருவரும் தள்ளவில்லை. மூன்று தேர்வுகளிலும் கொடுத்தாள். மூன்று முறையும் குடம் சூளையிலேயே வெடித்தது. அவள் எதற்காக நிற்கிறாள் என்பதை அவளே சொல்லட்டும்: “வருசா வருசம் ஐப்பசியில ஏரி மதக தெறக்குறாங்க ஐயா. எப்ப தெறக்குறதுன்னு அவையில பேசிக்குவாங்க. எங்களுக்குத் தண்ணி வந்தாத்தான் தெரியும். போன வருசம் பத்தொம்பது குடிசை போச்சு. என் தங்கச்சி போனா. ஒரு நாள் முன்னால சொல்லுங்கன்னு கேக்க அங்க ஒரு வாய் வேணும். அம்புட்டுத்தான்.”

இதைக் கேட்டபோது இவ்வோலை எழுதும் கை எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டது. பரிதியாரோ, இவளை அனுப்பியது யார் என்று முதலில் யோசித்தார். அதற்காக அவர் இன்று வெட்கப்படுகிறார்; அதையும் எழுதச் சொன்னவர் அவரே. அடுத்த கணமே ஓடுகளைக் கையில் எடுத்தார், கண்கள் மின்னின. மூன்று முறை வெடித்த குடம்! இதோ கிடைத்தான் கள்வன் என்று குயவர் கோளரியின் சூளைக்கு விரைந்தார்.

அங்கே அவர் செய்தது ஊரே பார்க்கச் செய்தது. உப்பள மண்ணைத் தம் கையாலேயே வெட்டினார், தாமே சலித்தார், தாமே சுமந்து வந்தார். பெருங்காரிக் கிழாரின் வயல் மண்ணிலும் ஒரு குடம் வனையச் செய்தார். இரண்டும் காய்ந்தபின் ஒரே சூளையில் அருகருகே வைத்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சூளையை விட்டுக் கண்ணை எடுக்காமல், எழுந்து தண்ணீர் குடிக்கவும் போகாமல் உட்கார்ந்திருந்தார். புகையில் கண் சிவந்து, அவரைப் பார்த்தால் அழுதவர்போல் இருந்தது. சூளை ஆறிப் பிரித்தபோது வயல் மண் குடம் வெண்கலமாய் ஒலித்தது. உப்பு மண் குடம் நான்கு துண்டாகக் கிடந்தது.

கோளரி அஞ்சாமல் சொன்னார்: “உப்பு மண்ணு ஐயா. வெந்தா வெடிக்கத்தான் செய்யும். பாதிக்குப் பாதி ஏரி வண்டல் கலந்தா கல்லு மாதிரி நிக்கும். கலந்தா என் கைய எடுத்துருவாங்க. கலக்கக் கூடாதுன்னு ஓலை இருக்கு.”

எந்த ஓலை என்று பரிதியார் பாய்ந்தார். பதினைந்தாண்டு அனுபவத்தில் அவர் கற்றது, கள்ளம் எப்போதும் ஓர் ஓலையில்தான் ஒளிந்திருக்கும் என்பது. கூரையில் செருகி வைத்திருந்த ஓலையைக் கோளரி எடுத்துக் கொடுத்தார். பரிதியார் முதலில் துளையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், முத்திரையை நகத்தால் சுரண்டினார். இது பொய்யோலையாகத்தான் இருக்கும், இவ்வளவு கெடுபிடியாக எழுத அரண்மனையில் ஆள் இல்லை என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். பிறகு வாசித்தார். ‘குடம் அவரவர்க்குரிய நிலத்து மண்ணால் மட்டுமே ஆகுக; பிற மண் ஒரு பிடியும் கலவற்க; கலந்த குயவன் கை இழப்பான்.’ கீழே பெயர் இருந்தது: நக்கன் பரிதி. எழுதிய கை, இவ்வோலை எழுதும் இதே கை.

பதினோராண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒருவன், பிறர் குறி பொறித்த பொய்க்குடங்களை வைத்து அவையைக் கைப்பற்றப் பார்த்தான். குறியைப் போலியாகச் செய்யலாம், மண்ணின் நிறத்தைச் செய்ய முடியாது என்று பரிதியார் இந்த விதியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பின் நாட்டில் ஒரு பொய்க்குடமும் அகப்பட்டதில்லை. அந்த விதியை நினைத்து அவர் பெருமைப்படாத நாள் இல்லை; அதன் சொற்களைப் பிறகு ஒருமுறையும் எடுத்து வாசித்ததில்லை.

அன்று மாலை சூளையடியில் அவர் அந்த ஓலையை மறுபடி மறுபடி வாசித்தார். அலையாத்தி ஓடுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே அவரிடம் சொன்னாள்: “நீங்க கள்ளனுக்குப் போட்ட பூட்டு ஐயா இது. கள்ளன் அந்தப் பக்கமா போயிட்டான். வெளிய நின்னது நாங்க.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பரிதியார் வண்டியில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆயினும் பழக்கம் போகுமா? ஊரைவிட்டுப் புறப்படும் முன் பெருங்காரிக் கிழாரிடம் ஒன்று கேட்டார்: உப்பு மண் குடம் வெடிக்கும் என்பது உமக்கு முன்பே தெரியுமா? தெரியும் என்றார் கிழார், அமைதியாக. வண்டல் கலந்தால் நிற்கும் என்பது? அதுவும் தெரியும், குயவர் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பின் ஏன் அரண்மனைக்கு எழுதவில்லை? எங்களை ஒருவரும் கேட்கவில்லையே என்றார். அவைத்தலைவரே, இந்த வரியை அவையில் உரக்க வாசிக்கும்போது நீங்களும் அங்கே அமர்ந்திருப்பீர்கள். நீங்கள் எந்த விதியையும் மீறவில்லை. ஆகவே உங்கள்மீது குற்றம் சாட்டவில்லை. ஆனால் பத்தொன்பது குடிசை மூழ்கிய ஊரில், கேட்டால்தான் சொல்வேன் என்று இருப்பவரை மாதேவியார் நினைவில் வைத்திருக்கிறார்.

பரிதியார் பொற்கூடத்தில் நின்று, நடந்ததை ஒரு சொல் குறைக்காமல் உரைத்து, தம்மைத் தண்டிக்க வேண்டினார். மாதேவியார் சற்று எண்ணி, அலையாத்தியின் குடத்துக்கு உமக்குரிய மண்ணில் ஒரு கூடை கொடுத்தால் போதும் என்றார். பரிதியார் மகிழ்ந்து வீட்டுக்கு ஓடினார். முற்றத்தில் மண்வெட்டியோடு நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் குடியிருப்பது அரண்மனை வீடு. முற்றமும் அரண்மனையுடையது. பதினைந்து ஆண்டு குடங்களைக் காத்தவருக்கு, அவர் எழுதிய விதிப்படி, ஒரு குடத்துக்கு நிற்கத் தகுதி இல்லை. வெறுங்கூடையோடு திரும்பி வந்தார். மாதேவியாருக்கு அது முன்பே தெரியும் என்று இவ்வோலை எழுதும் கை நினைக்கிறது.

ஆகவே ஆணை. தழுவங்கரைக் குடத்தேர்வு வரும் முழுநிலா நாளுக்குத் தள்ளி வைக்கப்படுகிறது. இனி எல்லா ஊர்களிலும் எல்லாக் குடமும் ஊர்ப்பொது ஏரியின் வண்டலில் வனையப்படுக. நிலமுள்ளவர், இல்லாதவர், பிறந்து வளர்ந்தவர், வாழ்க்கைப்பட்டு வந்தவர், கடல் கடந்து வந்தவர் வழியினர் என எவர் கேட்டாலும் குயவர் மறுக்காமல் செய்து கொடுக்க. ஒரு குடம் வெடித்தால் இன்னொன்று வனைக. எவர் பெயரும் விழாது. பொய்க்குடத்தைக் கண்டுபிடிப்பது கண்காணியின் பாடு. அதைக் குடிகள் தலையில் இனி ஏற்றலாகாது. புதிய அவை அமரும்வரை மதகின் திறவுகோல் பரிதியார் கையில் இருக்கும். அவர் உப்பளத்திலேயே குடியிருப்பார். மழை முந்தி வந்து மதகைத் திறக்க நேர்ந்தால், ஒரு நாள் முன்னதாக அளமெங்கும் பறை அறைவித்த பின்பே திறப்பார். திறவுகோலை அவரிடமிருந்து வாங்க ஒருவரும் முயல வேண்டாம். மாதேவியாரே கேட்டாலும் அவர் காரணம் கேட்பார்.

குடிகளுக்கு ஒரு வார்த்தை. இம்முறை எத்தனை குடம் இருக்கும் என்று எங்களுக்கே தெரியாது. வந்து பாருங்கள்.

இவ்வாறு திருவாணைப்படி எழுதினேன், ஓலைநாயகம் இளம்போதி. எட்டாம் ஆட்சியாண்டு, புரட்டாசித் திங்கள் மூன்றாம் நாள். இத்திருமுகத்தைக் கட்டிய கயிற்றின் மேல் இட்ட இலச்சினை அரக்கால் ஆனதன்று. அலையாத்தி பரிதியார் வண்டியில் கொடுத்தனுப்பிய உப்பள மண்ணால் ஆனது. மாதேவியார் தம் கையாலேயே அழுத்தினார். வழிவெயிலில் காய்ந்து அது வெடித்திருக்கும். அதைக் காட்டி இந்த ஓலை செல்லாது என்று அவையில் எவரேனும் எழுந்தால், அவரை உட்காரச் சொல்லவும். முத்திரை உடைந்தாலும் ஓலை செல்லும்.