மாமனாரின் ரைஃபிளில் மான் செதுக்கியது யார் என்பது குறித்து

அனுப்புநர்:
மூத்த மருமகன்,
உலோகச் செதுக்கு வேலை செய்பவர்,
பூட்டுக்கடை மாடி,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
ஆயுத உரிம அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆய்வறிக்கையில் உள்ள பிழையைத் திருத்தவும், குற்றத்தை உரியவர் பெயரில் பதியவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மாமனாரிடம் உரிமம் பெற்ற நூறாண்டுப் பழைய ரைஃபிள் ஒன்று உள்ளது. அது சுடாது, எலிகூட அதற்குப் பயப்படாது. அதை அழகுபடுத்தும் பொறுப்பை இரண்டு மருமகன்களிடமும் கொடுத்தார். மரக்கட்டை, தச்சரான என் சகலைக்கு. இரும்பு எனக்கு.

2. சகலை கட்டை முழுக்கக் கொடியும் இலையுமாக நிரப்பிவிட்டார். கை வைக்க இடமில்லை. நான் பக்கத் தகட்டில் ஒரே ஒரு மான் செதுக்கினேன். பதினொரு வாரம் ஆயிற்று. அதன் ரோமத்தை எண்ணலாம்.

3. சென்ற மாதம் ஆய்வுக்கு வந்த தங்கள் ஆய்வாளர், கட்டையைத் தடவித் தடவி மகிழ்ந்து, செய்தது யார் என்று கேட்டார். "எல்லாம் சின்ன மாப்பிள்ளை கைவேலைதாங்க" என்றார் மாமனார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். சகலை மறுக்கவில்லை, தலை குனிந்து அடக்கமாகச் சிரித்தார். அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அலங்கார வேலை முழுவதும் இளைய மருமகனுடையது" என்று அறிக்கையில் ஏறிவிட்டது. அதன் நகலைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நேரே மாட்டியிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. இதை மறைக்க விரும்பவில்லை.

4. ஆய்வாளர் துப்பாக்கி எண்ணை உரிமப் புத்தகத்தைப் பார்த்தே எழுதிக்கொண்டார். தகட்டில் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. மானின் வயிறு வரவேண்டிய இடத்தில் அந்த எண் இருந்தது. நான்தான் அரம் போட்டு அழித்தேன். அது குற்றம் என்று அப்போது உறைக்கவில்லை. கண்ணில் மான் மட்டுமே இருந்தது.

5. இதை என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். "பேசாம இருங்க. அறிக்கையில அவர் பேருதானே இருக்கு, மாட்டினா அவர்தான் மாட்டுவார்" என்றாள். உண்மையைச் சொல்கிறேன் ஐயா, அந்த நினைப்பு எனக்கு இரண்டு நாள் இனித்தது. மூன்றாம் நாள்தான் புரிந்தது. எண்ணை அழித்தவர் அவர் என்று வழக்குப் பதிவானால், மானைச் செதுக்கியவரும் அவரே என்று ஆகிவிடும்.

6. ஆகவே, தகட்டை நேரில் சோதித்து, எண்ணை அழித்ததும் அவ்விடத்தில் மான் செதுக்கியதும் மூத்த மருமகனே என்று பதிவேட்டில் எழுத உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். அதில் என் சகலைக்குப் பங்கு தர வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மூத்த மருமகன்

இடம்: பூட்டுக்கடை மாடி
நாள்: மார்ச் 9