மூன்றாவது கட்டத்தில் எழுதியது

ஜன. 17, சனி

மூடுபனி. பால் வர ஏழரை. காலிஃப்ளவர் மலிவு என்று இரண்டு வாங்கினேன், ஒன்றில் புழு. காஸ் பதிவு செய்ய மறந்தாயிற்று. நாளை.

இன்று இவருக்குப் பரீட்சை. பெங்காலி மருமகள் மௌமிதா அனுப்பிய குணப் பரீட்சை. நியூ டவுனில் அவள் ஆபீசில் ஆள் எடுக்கும்போது இதைத்தான் கொடுப்பார்களாம். "பாபா, ரிட்டயர் ஆகி சும்மா உக்காந்திருக்கீங்க. உங்க ஸ்ட்ரெங்த் என்னன்னு பாருங்க, அதுக்குத் தகுந்த மாதிரி ஏதாவது பண்ணலாம்" என்று போன வாரம் லிங்க் அனுப்பியிருந்தாள்.

குளித்து, விபூதி பூசி, மங்கி கேப்பையும் மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வெள்ளைத்தாள், பேனா. எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவார்.

ஒவ்வொரு கேள்வியையும் இங்கிலீஷில் படித்து, எனக்குப் புரியட்டும் என்று தமிழிலும் சொல்லி, தானே மார்க் போட்டுக்கொண்டார். சமையலறையில் எல்லாம் காதில் விழுந்தது.

"மத்தவங்க பேசும்போது பொறுமையா கேப்பேன். கரெக்ட். அஞ்சு."

"என்னங்க, சாம்பார் பொடி தீந்து…"

"இரு இரு. குறுக்க பேசாதே."

கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே சிரித்தேன். ஐம்பத்தெட்டு வயசில் தனியாகச் சிரிக்கிற வீடு எனக்கு.

இரண்டாம் பாகம் இனிமேல்தானாம். நம்மை நன்றாகத் தெரிந்த மூன்று பேர் நம்மைப் பற்றி மார்க் போட வேண்டும். கடைசியில் ஒரு கட்டம்: இவர் மாற்றிக்கொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதவும். யார் எழுதியது என்று பெயர் வராது. மூன்று பேர்: நான், பையன் சரவணன், பழைய ஆபீஸ் சிநேகிதர் பிஸ்வாஸ் பாபு.

ஜன. 18, ஞாயிறு

காஸ் பதிவாயிற்று. பரண் மேலிருந்து குத்துவிளக்கை இறக்கினேன், சரவணன் புது ஃப்ளாட் பால் காய்ச்சலுக்கு. 26ஆம் தேதி, லீவு நாளாக இருக்கிறது என்று அன்றைக்கே வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது முழங்கால் மடங்கிச் சுளீரென்றது. ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவர் வந்து பார்த்தார். "நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இந்த ஸ்டூல்ல ஏறாதேன்னு. கீழ் வீட்டுப் பையனைக் கூப்பிட்டிருக்கலாம்ல?" பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

மத்தியானம் காலில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே போனில் அந்த மார்க் எல்லாம் போட்டேன். நேர்மை ஐந்து. நேரம் தவறாமை ஐந்து. பொறுப்பு ஐந்து, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கடைசியில் அந்தக் கட்டம். இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: "யாராவது வலிக்கிறது என்றால், அதை எப்படித் தவிர்த்திருக்கலாம் என்று சொல்வார். வலிக்கிறதா என்று கேட்க மாட்டார்."

அனுப்பிவிட்டேன். பெயர் வராதே. மனசு லேசாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜன. 20, செவ்வாய்

ரிப்போர்ட் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் படித்தால் போதாதாம். முனை ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரிண்ட் எடுத்து வந்தார். டீயோடு வாசிப்பு.

பலங்கள்: திட்டமிடுதல், கடமை, முடிவெடுக்கும் துணிவு. ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் கதை ஒன்று. வெள்ளத்தில் எல்லாரும் லீவு போட்டபோது இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனாரே, அது. நானும் ம் கொட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்த முகத்தைப் பார்க்க.

கடைசிப் பக்கம். மூன்று கட்டம்.

முதலாவது: "பிக்னிக்கில் எங்களோடு பாட வேண்டும்." பிஸ்வாஸ் பாபு, சந்தேகமே இல்லை. சிரித்தார்.

இரண்டாவது: "மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. பிபி மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டால் போதும்." என்னைப் பார்த்தார். "இது நீ. மாத்திரையைப் பத்தி உன்னை விட்டா யார் எழுதுவா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கிறதற்குள் மூன்றாவதைப் படித்துவிட்டார். மறுபடி படித்தார், இந்தத் தடவை சத்தமில்லாமல்.

"அவன்தான். சரவணன்."

நான் டீத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"படிக்க வெச்சேன். மௌமிதாவைக் கட்டிக்கறேன்னு வந்து நின்னான், ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. நான் வலி தெரியாதவனா?"

டீ ஆறிப்போனது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். தோசைக்கல்லைத் தேய்க்க ஆரம்பித்தேன், அது ஏற்கனவே தேய்த்து வைத்ததுதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. நான் இல்லை என்று ஆகிவிட்டதே என்று. பெற்ற பிள்ளை தலையில் பழி விழுகிறது, எனக்கு அப்பாடா. சீ.

ஜன. 21, புதன்

குளிர். சூரியனே இல்லை. உளுந்து, மஞ்சள் குங்குமம், மாவிலை (யாரிடம் கேட்பது?), சாமி படத்துக்குப் புது மாலை.

சரவணன் காலையில் இரண்டு தடவை கூப்பிட்டும் இவர் போனை எடுக்கவில்லை. பிறகு எனக்கு.

"அப்பா ஏம்மா எடுக்க மாட்டேங்கறார்?"

"தொண்டை கட்டியிருக்குப்பா."

"பேச வேணாம், கேட்டுக்கிட்டா போதும்மா. படம் அவர்தான் தூக்கிட்டு உள்ள வரணும், முதல்ல. டைம் சொல்லணும்."

"நான் சொல்லிக்கறேன்… சரவணா, அந்த அப்பா பரீட்சையில நீ என்ன எழுதின?"

"என்னத்தை எழுத? மாத்திரை போடச் சொன்னேன். ஏன், ரிசல்ட் வந்துடுச்சா?"

வரவில்லை என்றேன். ஒரே போனில் இரண்டு பொய்.

மத்தியானம் இவர் மோர் சாதம் மட்டும். "26ஆம் தேதி நீ போயிட்டு வா. எனக்கு வேலை இருக்கு." என்ன வேலை? ரிட்டயர் ஆனவருக்கு லீவு நாளில் என்ன வேலை? கேட்கவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பேன்.

ஜன. 22, வியாழன்

பட்டாணி உரித்துக்கொண்டே நானும் அந்தப் பரீட்சையை எழுதிப் பார்த்தேன். லிங்க் எனக்கும் திறந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

"எனக்கு நஷ்டம் வந்தாலும் உண்மையைச் சொல்வேன்." நாலு போட்டேன். வெட்கமாக இருந்தது, இரண்டாக்கினேன். அதுவும் அதிகம்தான்.

"சண்டை வரும் என்றால் பேசாமல் இருந்துவிடுவேன்." ஐந்து. இதில் மட்டும் யோசிக்கவே இல்லை.

உடனே ரிசல்ட். நான் அமைதியை நாடுபவளாம். வீட்டில் இணக்கத்தைக் காப்பவளாம். பச்சை எழுத்தில், பலங்கள் என்ற தலைப்புக்குக் கீழே. என் கோழைத்தனத்தைப் பலம் என்று போட்டிருக்கிறது அந்த மிஷின். முப்பத்திரண்டு வருஷமாக நானும் அப்படித்தான் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை, பெயர் வராது என்றதும் பெரிய வீராங்கனை.

பட்டாணி ஒரு கிண்ணம் கீழே கொட்டிவிட்டது. பீரோ அடியில் இன்னும் கிடக்கும்.

ஜன. 23, வெள்ளி. சரஸ்வதி பூஜை, இங்கே தையில்

தெரு கிளப் பூஜைப் பந்தலில் மைக் விடிந்ததிலிருந்து அலறல். தெருவெல்லாம் மஞ்சள் புடவைச் சிறுமிகள், புடவை தடுக்கித் தடுக்கி நடக்கிறார்கள். எங்கள் பேட்டை பெஹாலாவே மஞ்சள்.

மௌமிதா வந்தாள், அவளும் மஞ்சள் புடவை. பிரசாதக் கிச்சுடி டப்பா, இலந்தைப் பழம். நியூ டவுனிலிருந்து இவ்வளவு தூரம், இதற்காகவே கேபில். இவரைக் கும்பிட்டுவிட்டுக் கேட்டாள்: "பாபா, மண்டே அஞ்சு மணிக்கு கேப் அனுப்பட்டா?"

"எனக்கு அன்னைக்கு சௌகரியப்படாதும்மா."

"கீ போல்சேன் பாபா! என்ன சொல்றீங்க? நீங்க வராம எப்படி? சாமி படம் யார் தூக்குவா?"

"வலின்னா என்னன்னு தெரியாதவன் எதுக்கும்மா அங்க? உன் புருஷனைக் கேளு. எழுதத் தெரிஞ்சவனுக்குத் தூக்கத் தெரியாதா?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கிச்சுடியைப் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன், அதைப் பார்த்தே மாற்ற வேண்டும் போல. டேபிளில் கிடந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கம் வரை படித்தாள். கண் கலங்கிவிட்டது. "நான்தான் மா அனுப்பினேன், இந்த லிங்க்கை" என்றாள் வாசலில். "என் தப்பு."

இவளும் ஒருத்தி, செய்யாததற்கு அழுகிறாள். "உன் தப்பு இல்லைம்மா" என்று மட்டும் சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை.

ஜன. 24, சனி

காலையில் சரவணன் எனக்கு போன். இவர் மொட்டை மாடியில், வெயில் காய.

"அம்மா. அந்த மூணாவது நீதானே?"

அழுதுவிட்டேன்.

"சரி, விடு. அழாதே. உண்மைதானே எழுதியிருக்கே. நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டான் என்று பத்தரைக்குத் தெரிந்தது. இவர் போன் அடித்தது, எடுத்தார், ஹாலில் நடந்துகொண்டே அரை மணிக்கு மேல். இந்தப் பக்கம் மட்டும் எனக்குக் கேட்டது. "ஒத்துக்கறியா?… அதைச் சொல்றதுக்கு ஒரு முறை இருக்குல்ல?… நான் உங்கிட்ட என்ன குறை வெச்சேன்?… உங்கம்மாவைப் பாரு, அவளும்தான் எழுதினா, எவ்வளவு பதவிசா எழுதியிருக்கா!" நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வைத்ததும் முகம் தெளிந்துவிட்டது. "நான்தாம்பா எழுதினேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டான். சின்னப் பையன்தானே. போவோம், திங்கக்கிழமை. அந்தப் பட்டு வேஷ்டி எங்க?" இரண்டு சப்பாத்தி கூடச் சாப்பிட்டார்.

ஆக எல்லாம் சரியாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இணக்கம் காப்பவள் ஆயிற்றே. வேஷ்டியை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஜன. 25, ஞாயிறு

இஸ்திரி வந்தது. மாவிலை பிஸ்வாஸ் பாபு வீட்டு மரத்திலிருந்து. பால் பாத்திரம் புதுசு, ஸ்டிக்கர் உரிக்கவில்லை.

மாவிலை கொண்டுவந்த பிஸ்வாஸ் பாபுவிடம் வாசலில் நின்று இவர் பெங்காலியில் சொல்கிறார்: என் மகனே எழுதினான், பெற்ற அப்பனைப் பற்றி, மனசே இல்லாதவன் என்று. நான் மன்னித்துவிட்டேன். பிஸ்வாஸ் பாபு "இந்தக் காலத்துப் பிள்ளைகள்!" என்று உச்சுக் கொட்டினார். நாளைக்கு ஃப்ளாட்டில் எத்தனை பேரிடம் சொல்வார்? சம்பந்தி வீட்டாரிடம்? என் பிள்ளை பால் பொங்குகிற வீட்டில் தலை குனிந்து நிற்க வேண்டுமா?

அவர் போனதும் சொல்லிவிட்டேன்.

"அதை நான்தான் எழுதினேன்."

"எதை?"

"மூணாவது. வலி."

சிரித்தார். "அவனுக்காகப் பழியை ஏத்துக்காதே வசந்தா. அதான் மன்னிச்சாச்சுல்ல."

"நான்தாங்க எழுதினேன். போன ஞாயித்துக்கிழமை, போன்ல."

"அந்த இங்கிலீஷ் உன் இங்கிலீஷா? செண்டன்ஸைப் பாத்தாலே தெரியுது. இங்க பாரு, நீ எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பேன்னா…" ரிப்போர்ட்டை எடுத்து எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்! நான் எழுதியதை நான் ஏன் எழுதியிருக்க முடியாது என்று! சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா?

"நான் பி.ஏ. படிச்சவங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் ஏறிவிட்டது. "ஆடி மாசம் திருச்சியிலேர்ந்து போன் வந்துச்சு. இதே இடத்துல நின்னு, என் தங்கச்சி போயிட்டாளாம்னு உங்ககிட்ட சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

முழங்காலுக்காக எழுதியது என்கிற மாதிரிதான் இந்த நோட்டில்கூட எழுதிவைத்திருக்கிறேன். இல்லை. தங்கச்சி சுகுணாவுக்காக எழுதியது.

இவர் ரிப்போர்ட்டைத் தாழ்த்தினார்.

"என்ன சொன்னேன்?"

நிஜமாகவே நினைவில்லை அவருக்கு. அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"அந்த ஆஸ்பத்திரி வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்ல, அப்படின்னீங்க. உடனே ஃப்ளைட் பாக்க லேப்டாப்பைத் திறந்துட்டீங்க. நல்ல ஸீட்டும் போட்டுக் கொடுத்தீங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தேன்."

குறுக்கே பேசவில்லை. முழுசாகக் கேட்டார்.

கடைசிப் பக்கத்தை மறுபடி பார்த்தார்: "அப்ப இந்த ரெண்டாவது? மாத்திரை?"

"சரவணன்."

கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து அரை மணி நேரம் அவனைப் பேசினேன். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லலையே அவன்." என்னிடம் சொல்லவில்லை அதை, பேப்பரிடம் சொல்வதுபோல. "நீயும் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தே."

"ஆமாங்க."

ரிப்போர்ட்டை டேபிளிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மத்தியானம் ஒரு மணி. இந்த நேரத்தில் படுக்கிறவர் இல்லை. கதவைச் சாத்தவில்லை. அவர் முதுகு இங்கிருந்து தெரிகிறது, போர்வைகூட இல்லை.

நாளைக் காலை அஞ்சு மணி கேபுக்கு என்ன சொல்வது என்று மௌமிதா மெசேஜ் போட்டிருக்கிறாள். பதில் போடவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டியது நான்தான். பத்தடி தூரம். போகாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.